நிரலுக்கும் தேர்வு வேண்டுமா?

நிரல் எழுதுவோரிடையே நெடுநாளாக நடந்துவரும் வழக்கு ஒன்று உண்டு. எழுதிய நிரலைச் சோதிக்கச் 'சோதனைச் சட்டகம்' என்னும் தனிக் கருவி தேவையா, ஓட்டிப் பார்த்துச் சரியென்று கண்டால் போதாதா என்பதே அது. கணினித் துறையினர் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஆசிரியர்களும் பெற்றோர்களும் எண்ணலாம். நம் பிள்ளைகளின் விடைகளைக் கணினி திருத்தத் தொடங்கிய பிறகு அப்படி ஒதுங்கி நிற்க இயலாது.

எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர், சொல்வதெழுதுதலுக்கும் எழுத்தெண்ணும் பயிற்சிக்குமாகப் பைத்தான் மொழியில் சிறு செயலி ஒன்றை அன்போடு ஆக்கித் தந்தார். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதில் 'கொக்கு' என்று பிழையின்றித் தட்டச்சு செய்தாள். செயலி 'தவறு' என்றது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? அதை அழித்துவிட்டுக் 'கோக்கு' என்று எழுதினாள். சரியாகக் கற்றதன்மேலேயே அவளுக்கு ஐயம் வந்துவிட்டது.

ஒருங்குறியில் 'கொ' என்னும் எழுத்தை இருவகையில் குறிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றாமல் ஒப்பிடும் நிரலுக்கோ அவை இருவேறு சொற்கள். தம்பி அன்றே திருத்திவிட்டார். சில திங்கள் கழித்து வேறொருவர் ஒப்பிடும் பகுதியை மாற்றி எழுதியபோது அதே பிழை திரும்பி வந்தது.

சட்டகத்தின் பயனை நான் இங்கேதான் காண்கிறேன். ஒருமுறை கண்ட பிழை ஓசையின்றி மீண்டும் நுழையாமல் அது காக்கும். "இருநூறு வரி நிரலுக்கு இவ்வளவு ஏற்பாடா, ஐயா?" என்று தம்பி கேட்டார். ஒருநாள் பயன்படுத்தித் தூக்கிப்போடும் நிரலென்றால் நானும் அவர் பக்கம்தான். பலர் கைபடும் நிரல் வேறு. ஏற்பாடும் பெரிதன்று. ஜாவா மொழிக்கான ஜேயூனிட் 1997-இலேயே பிறந்துவிட்டது. பைத்தானோடு 'யூனிட்டெஸ்ட்' 2001 முதல் சேர்ந்தே வருகிறது. 'பைடெஸ்ட்'டைத் தனியே நிறுவினால் எழுத வேண்டியது இன்னும் குறைவு. நாமே வரிசையாக எழுதிவைக்கும் சோதனை வரிகள் முதல் தவற்றிலேயே நின்றுவிடும். சட்டகமோ அனைத்தையும் ஓட்டி, எது தேறியது, எது தவறியது, எதிர்பார்த்த விடை எது, வந்த விடை எது என்று காட்டும்.

ஆயினும் சட்டகத்துக்குத் தமிழ் தெரியாது. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்னும். அது எண்ணுவது குறியீடுகளை. எழுத்து 3 என்று நாம்தான் சொல்ல வேண்டும். 5 என்றே நாமும் எழுதிவைத்தால் அதற்கும் பச்சை நிறத்தில் தேர்ச்சி கிடைக்கும்! ஆகவே சோதனைக்குரிய சொற்களை ஆசிரியர்களே தொகுத்தோம்: அஃது, கொக்கு, கௌதாரி எனப் பட்டியல் நீள்கிறது. 'ஸ்ரீ' ஓரெழுத்தா, ஈரெழுத்தா என்று ஆசிரியர் அறையில் எழுந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

இப்போது யார் எதை மாற்றினாலும், அந்தப் பட்டியல் முழுவதும் தேறிய பிறகே செயலி வகுப்பறைக்கு வருகிறது. உங்கள் பிள்ளைகள் சரியாக எழுதியும் கணினி தவறென்று காட்டிய சொற்கள் இருந்தால் எழுதியனுப்புங்கள், பட்டியலில் சேர்த்துக்கொள்கிறோம்.