உள்ளேன் ஐயா!

ஆஸ்பத்திரியிலிருந்து சித்தப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்த மூன்றாம் நாள், அவர் என்னிடம் ஒரு கத்தரிக்கோல் கேட்டார். மாரடைப்பு வந்து பிழைத்த மனிதர் கத்தரிக்கோல் கேட்டால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது?

"எதற்கு சித்தப்பா?" என்றேன்.

"என் பீரோவில், வேஷ்டிகளுக்கு அடியில் ஒரு இசைத்தட்டு இருக்கும். எடுத்து வா. உறையைப் பிரிக்கணும்."

எடுத்து வந்தேன். மேலே சுற்றிய கண்ணாடிக் காகிதம் அப்படியே இருந்தது. பின்பக்கம் 2005 என்று போட்டிருந்தது. வாங்கி இத்தனை வருஷமாகக் கேட்கவே இல்லை! பட்டுப் புடவையை மடிப்புக் கலையாமல் வைத்திருந்து, மடிப்பிலேயே நைந்து போக விடுகிற மாமிகளை எனக்குத் தெரியும். பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற பிரம்மசாரியான என் சித்தப்பாவும் அந்த ஜாதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏன் பிரிக்கவில்லை?" என்று கேட்டேன்.

"நன்றாக இல்லாமல் போய்விட்டால்?" என்றார்.

அவருடைய பயம் புரிய வேண்டுமானால், தட்டிலிருந்த கோஷ்டியின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1967-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் சர்வகலாசாலை மாணவர்கள் ஆரம்பித்தது. பெயர் வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர். அடேயப்பா, சங்கீத கோஷ்டிக்கு வைக்கிற பெயரா இது! பௌதிகம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். குட்டி மின்னல் மாதிரி பொறி பறக்கச் செய்யும் ஒரு யந்திரத்தின் பெயர் அது. பிள்ளைகள் எழுத்துக் கூட்டும்போது தப்புச் செய்துவிட்டார்கள். தப்பே பெயராக நிலைத்துவிட்டது.

அவர்கள் வாசித்தது 'ப்ரோக்ரெஸிவ் ராக்' என்ற வகை. முற்போக்கு என்றதும் கட்சி, கொடி என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று நிமிஷத்தில் முடிகிற சினிமாப் பாட்டுப் போல் இல்லாமல், பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று விஸ்தாரமாக, நடையை மாற்றி மாற்றிப் போகிற சங்கீதம். பீட்டர் ஹாமில் பாட்டு. ஹ்யூ பான்டன் ஆர்கன். கய் எவன்ஸ் டிரம். டேவிட் ஜாக்ஸன் ஸாக்ஸஃபோனும் புல்லாங்குழலும். ராக் கோஷ்டி என்றால் கிதார்க்காரர்தான் மாப்பிள்ளை. இங்கே கிதாருக்குப் பின்வரிசைதான். பான்டன் கைகளால் ஆர்கன் வாசித்துக்கொண்டே, கீழ் ஸ்தாயியைக் கால்களால் மிதித்து எழுப்புவார். ஜாக்ஸனோ இரண்டு ஸாக்ஸஃபோன்களை ஒரே சமயத்தில் வாயில் வைத்து ஊதுவார்! ஹாமில் குரல் கொஞ்சும், அடுத்த வரியிலேயே கத்தும். எல்லாருக்கும் பிடிக்கிற சங்கீதம் என்று சொல்ல மாட்டேன். சொந்த ஊரில் அவ்வளவாக எடுபடாத இந்தக் கோஷ்டியை இத்தாலிக்காரர்கள் தலையில் வைத்துக்கொண்டாடினார்கள். 1972-ல் அங்கே விற்பனையில் முதல் இடம் இவர்களுடைய தட்டுக்குத்தான்.

அதே வருஷம் கோஷ்டி உடைந்தது. ஓயாத பிரயாணம், ஓயாத பணமுடை. 1975-ல் மறுபடி கூடினார்கள். நாலு பேரும் சேர்ந்து வாசித்த கடைசித் தட்டு 1976-ல் வந்தது. 1978-ல் கோஷ்டியே கலைந்துவிட்டது.

அப்புறம் அவரவர் பிழைப்பு. ஹாமில் தனியாகத் தட்டுமேல் தட்டாக வெளியிட்டார். பான்டன் ஆர்கன்களைக் கட்டிக் கொடுக்கும் தொழிலில் இறங்கினார். ஜாக்ஸன், கையை அசைத்தாலே ஒலி எழுப்புகிற ஒரு கருவியைக் கொண்டு, வாத்தியத்தைப் பிடிக்க முடியாத மாற்றுத்திறனாளிக் குழந்தைகளையும் வாசிக்க வைத்தார். (நாலு பேரில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான். இதைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. அவர் ஹாமில் கட்சி.)

2003-ல் லண்டனில் ஹாமில் கச்சேரி ஒன்று. மற்ற மூவரும் வந்து ஒரே ஒரு பழைய பாட்டைச் சேர்ந்து வாசித்தார்கள். 'மறுபடி ஆரம்பித்தால் என்ன?' என்ற பேச்சு எழுந்தது. இந்த மாதிரிப் பேச்சு எழுவதும் அமுங்குவதும் எல்லார் வீட்டிலும் நடப்பதுதானே? ஆனால் அந்த வருஷம் டிசம்பரில் ஹாமிலுக்கு மாரடைப்பு வந்துவிட்டது. வயசு 55. பிழைத்துக்கொண்டார். சில மாதங்களுக்குள், டெவன் ஜில்லாவில் பைவொர்தி என்ற கிராமத்தில் ஒரு பழைய பாதிரியார் வீட்டில் நாலு பேரும் கூடிவிட்டார்கள்! வெளியே யாருக்கும் மூச்சு விடவில்லை. அங்கே பதிவு செய்ததுதான் 2005-ல் வந்த இந்த இரட்டைத் தட்டு. பெயர் 'பிரஸென்ட்'.

"பள்ளிக்கூடத்தில் ஆஜர்ப் பட்டியல் வாசித்தால் நாங்கள் 'உள்ளேன் ஐயா' என்போம் பார், அதுதான்" என்றார் சித்தப்பா. நான் உறையைக் கத்தரித்தேன்.

முதல் தட்டில் ஆறே உருப்படிகள். எடுத்தவுடன் ஆர்ப்பாட்டம் இல்லை. நிதானமாக ஆரம்பித்து, ஜனங்களை ஏய்க்கும் ராஜாக்களைத் திட்டுகிற பாட்டு. தலைப்பிலேயே வசவு இருப்பதால் நான் எழுதப் போவதில்லை. அடுத்தது சாகித்தியமே இல்லாத வெறும் வாத்திய இசை, ஜாக்ஸன் அமைத்தது. அப்புறம் வேகம் பிடித்தது பாருங்கள்! அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மிக்ஸியில் ஏதாவது மாட்டிக்கொண்டதா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒன்று தெளிவாகக் கேட்டது. ஹாமில் இளமைக் குரலைத் தேடிப் போகவில்லை. கரகரத்தால் கரகரத்த இடத்திலேயே நின்று பாடுகிறார். வயசாகிவிட்டதைக் கிண்டல் செய்தே ஒரு பாட்டு இருக்கிறது. பழைய பாட்டு ஒன்றைக்கூடத் திரும்ப வாசிக்கவில்லை. கடைசி உருப்படியின் முடிவில் கடலலைச் சப்தம். அலை ஓய்ந்த பிறகும் சித்தப்பா கண்ணைத் திறக்கவில்லை. பயந்து போய் நாடியைப் பிடித்துப் பார்த்தேன்.

"உயிரோடுதான் இருக்கேன். இரண்டாவதைப் போடு" என்றார்.

இரண்டாவது முழுவதும் அந்த வீட்டில் முன் தயாரிப்பு இல்லாமல் நாலு பேரும் மனோதர்மமாக வாசித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பாதியிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அடுத்த வீட்டில் நாலு பேர் ஊர்க் கதை பேசினால் நமக்கு எவ்வளவு புரியுமோ, அவ்வளவுதான் புரிந்தது. ஆனால் சித்தப்பா அதைத்தான் அதிகம் ரசித்தார். "இருபத்தேழு, இருபத்தெட்டு வருஷம் கழிச்சு உட்கார்ந்திருக்கான்கள். எவன் எங்கே விடுவான், எவன் எங்கே எடுப்பான்னு அவன்களுக்கு மறக்கலையே!" என்றார்.

அப்புறம்தான் சொன்னார். அவருக்கும் ஒரு கோஷ்டி இருந்ததாம். 1982-ல், காலேஜில். இவர் பாட்டு, கிதார், கீபோர்டு, டிரம் என்று இன்னும் மூன்று பேர். இந்த இங்கிலீஷ் தட்டுகளையெல்லாம் காஸெட்டில் பதிந்து இவருக்குக் கொடுத்தவர் அந்தக் கிதார்க்காரர்தான். ஒரு கச்சேரிக்கு எடுத்த ஸ்பீக்கர் வாடகை முந்நூறு ரூபாயை யார் கொடுப்பது என்று சண்டை. கோஷ்டி கலைந்தது. அன்று நின்ற பேச்சு, நின்றதுதான்.

"2011-ல் கீபோர்டு வாசித்தவன் போய்விட்டான். அவன் வந்திருப்பானோ என்று நான் போகவில்லை. நான் வந்திருப்பேனோ என்று அவனும் போகவில்லை. டிரம்காரன் கோயம்புத்தூரில். தூக்க நாலு பேர் வேணும்பார்கள். எங்கள் நாலு பேரில் ஒருத்தன்கூடப் போகவில்லையடி."

சித்தப்பா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. டாக்டர் மனசை அலட்டிக்கொள்ளக் கூடாது என்றிருந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போர்வையைச் சரி செய்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "இவர்களும் சேர்ந்து நிலைக்கவில்லையாமே?" என்று அவரே கேட்டார். வாஸ்தவம்தான். 2005 மே 6-ந் தேதி லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நாலு பேரும் கச்சேரி செய்தார்கள். அந்த வருஷக் கச்சேரிகள் முடிந்ததும் ஜாக்ஸன் விலகிவிட்டார். பத்திரிகையில் அதைப் படித்த பிறகு சித்தப்பாவுக்கு உறையைப் பிரிக்க அடியோடு மனம் வராமல் போயிருக்கிறது.

"மற்ற மூன்று பேரும் நிறுத்தவில்லையே, சித்தப்பா! 2008-ல் மூன்று பேராகவே ஒரு தட்டுப் போட்டார்கள். 2011-ல் ஒன்று, 2016-ல் ஒன்று" என்றேன்.

"மூன்று பேரா? ஸாக்ஸஃபோன் இல்லாமலா?"

"இல்லாமல்தான்."

அவர் வெகு நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கிதார்க்காரன் நம்பர் உன்னால் கண்டுபிடிக்க முடியுமா?" என்றார். எத்தனையோ மந்திரிகளின் நம்பரைத் துருவிப் பிடித்திருக்கிறேன். இதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார் அந்த மாமா. வழுக்கைத் தலை, கையில் ஒரு பை ஆரஞ்சு. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "எப்படி இருக்கே?" என்றார். "இருக்கேன்" என்றார் சித்தப்பா. கடிகாரம் ஓடுகிற சப்தம் கேட்டது. நான் இடம் கொடுத்து வெளியே போய்விட்டேன். கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், தொழில் தோஷம்.

பத்து நிமிஷம் கழித்து மாமாவின் குரல் உயர்ந்தது.

"முந்நூறு இல்லைடா, இருநூற்றைம்பது! நாற்பது வருஷமா முந்நூறு முந்நூறுன்னு ஊரெல்லாம் சொல்லிண்டிருக்கே!"

"ரசீது இருக்கா உங்கிட்ட?"

அம்மா பதறிக்கொண்டு வந்தாள். "என்னடி, சண்டையா?"

"ஆமாம்" என்றேன்.

"காப்பி எத்தனை?"

"இரண்டு. சித்தப்பாவுக்குச் சர்க்கரை வேண்டாம்."

காப்பியோடு உள்ளே போனபோது கூச்சல் அடங்கியிருந்தது. இரண்டாவது தட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாமா நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டிருந்தார். டிரம் அடங்கி ஆர்கன் தனியாக எழுந்த இடத்தில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலையை ஆட்டினார்கள். டம்ளரை யாரும் கவனிக்கவில்லை. மேஜைமேல் வைத்து, ஆறிப்போகாமல் மூடிவிட்டு வந்தேன்.