குமாவுன் மலையில் ஒரு கீரை

1884-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை எட்டிய காட்கோதாமிலிருந்து அல்மோரா நோக்கி மலையேறுங்கால், வீட்டுக் கொல்லைகளின் ஓரத்தே ஒரு செடியைக் காண்கிறோம். தொட்டால் தேள் கொட்டினாற்போல் எரியும். இந்தியில் அதற்குத் 'தேட்புல்' எனப் பொருள்படும் பிச்சுகாஸ் என்றே பெயர். குமாவுனியர் சிசூண் என்பர். குணத்தில் நம்மூர்ச் செந்தட்டியேதான்!

மாட்டுக்கொட்டிலருகே எருமண்ணில் தானே தழைக்கும். இங்குக் குடிவந்த நம்மவர் சிலர், குழந்தைகளுக்கு அஞ்சி வேரோடு களைகின்றனர். அச்சம் நியாயமே, ஆயினும் வேலியோரம் ஒரு மூலையை விட்டுவைத்தல் நன்று. பூக்குமுன் இளந்தளிரை இடுக்கியால் கிள்ளி, கொதிநீரில் வேகவைத்தால் சுணை அடங்கிவிடும். பின்னர் மசித்து, கடுகெண்ணெயில் பூண்டு தாளித்துச் சோற்றுடன் பரிமாறுவர். முதற் கவளத்தை அஞ்சியே உண்டோம். மறுமுறை கேட்டு வாங்கினோம்.