அங்க தண்ணி எப்பிடி?

பேராதனைக் கம்பஸ் என்றால் எல்லாரும் ஹந்தானை மலையைத்தான் படம் பிடிப்பார்கள். கீழே ஓடுகிற மகாவலியை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அதிலும் எங்களைப் போன்ற கலைப்பீடத்துக்காரருக்கு அக்பர் பாலத்தைக் கடக்கிற வேலையே குறைவு. அக்கரையில் இருப்பது பொறியியல் பீடம். அங்கே போய் நாங்கள் என்ன செய்ய?

ஆனால் மாதக் கடைசிச் சனிக்கிழமை என்பது வேறு. விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். மிச்சப் பேரிடம் காசு இருக்காது. ஆற்றங்கரைக்கு டிக்கட் இல்லை என்பதால் நானும் என் அறைத்தோழியும் பின்னேரம் மூன்றரைக்கு இறங்கி நடக்கத் தொடங்கினோம். அவள் தலவாக்கலை. நான் மூதூர். அவள் ஊரைத் தொட்டு ஓடும் கொத்மலை ஓயா கம்பளைக்கு மேலே மகாவலியில் சேருகிறது. அந்த மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி என் ஊர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேருகிறது. ஒரே ஆற்றின் இரண்டு முனையில் இருந்து வந்த இரண்டு பேருக்கு ஒரே அறை கிடைத்திருக்கிறது.

பாலத்தில் நின்று பார்த்தால் நடு ஆற்றுப் பாறைகளில் நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக்கொண்டு நின்றன. "குடையக் காயப் போட்ட மாதிரி இருக்குல்ல?" என்றாள் தோழி. அதுகளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு, ஒரு காலில், அசையாமல். பாலத்தால் சனம் போகுது, சைக்கிள் போகுது, கொக்கு திரும்பியும் பார்க்கவில்லை.

கரையோரம் இறங்கியதும் புல்லுக்குள் ஏதோ சரசரத்தது. ஆளளவு நீளத்தில் ஒரு கபரகொய்யா. என்ட கால் தானாகப் பின்னுக்குப் போனது. எங்கட பக்கம் ஆற்றில் கால் வைக்க முதல் முதலை கிடக்கா என்டு பார்க்கச் சொல்லித்தான் வளர்ப்பார்கள். "ஏய், அது கபரகொய்யா டி. அது பாட்டுக்குப் போகும்" என்றாள் அவள். அதுவும் அப்படியே போனது. நாக்கை நீட்டி நீட்டி, அவசரமில்லாமல், தண்ணிக்குள் வழுக்கி இறங்கியது.

கொஞ்சம் கீழே ஒருவர் தன் ஓட்டோவைக் கரைவரை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் கல்லில் உடுப்புத் தோய்த்தார்கள். அவர்களின் சின்னப் பிள்ளைகள் சவர்க்கார நுரையைக் கையில் அள்ளி ஊதிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி ஒரு வயதான மாமா தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். வாளிக்குள் நாலு திலாப்பியா. எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன்.

"மூதூரா? இந்தத் தண்ணி அங்கதானே போகுது" என்றார். பிறகு, ஊருக்கு அனுப்பின பிள்ளையை விசாரிக்கிற மாதிரி, "ஒழுங்காப் போய்ச் சேருதா?" என்றும் கேட்டார்.

என் அரைகுறைச் சிங்களத்தில் அதற்கு முழுசாகப் பதில் சொல்ல வரவில்லை. "சில நேரம் கூடிப் போய் வருது" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து மூங்கில் புதரைக் கையால் காட்டினார். எங்கள் தலைக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், கிழிந்த சொப்பிங் பேக்குகள் கிளைகளில் சுற்றிக் கிடந்தன. யாரும் ஏறிக் கட்டினவை இல்லை. ஆறு அந்த உயரத்துக்கு வந்து, வடியும்போது விட்டுப்போனவை.

நாங்கள் நின்ற இடம் ஒரு நாள் தண்ணிக்கு அடியில் இருந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு வாப்பாவின் ஞாபகம்தான் வந்தது.

மாரி தொடங்கினால் நீர்ப்பாசனத் திணைக்களம் ஆறுகளின் நீர்மட்டப் பட்டியல் வெளியிடும். மகாவலிக்கு நேரே நாவலப்பிட்டி, பேராதனை, வெரகந்தோட்டை, மனம்பிட்டி என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். அது வட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றும். வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசிப்பார். நான் பேராதனைக்கு வந்த பிறகு, வாசித்து முடித்ததும் எனக்குக் கோல் எடுப்பார். படிப்பைப் பற்றிக் கேட்கமாட்டார். "மகள், அங்க தண்ணி எப்பிடி?" அதுதான் முதல் கேள்வி.

உண்மையில் நான் பார்க்கிற தண்ணி அப்படியே வாப்பாவிடம் போவதில்லை. கண்டிக்குக் கீழே பொல்கொல்லையில் 1976இல் இருந்து ஒரு தடுப்பணை இருக்கிறது. அங்கே ஒரு பங்கு தண்ணி சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் திரும்பி உக்குவெல மின்நிலையத்துக்குப் போகிறது. பிறகு அதில் கொஞ்சம் அம்பன் கங்கையோடு பொலன்னறுவைப் பக்கம் சுற்றி வந்து மகாவலியில் சேருகிறது. திரும்பாத பங்கு விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று ஒவ்வொரு அணையாகக் காத்திருந்து போக வேண்டும். இத்தனை கதவுகளைத் தாண்டி, வயல்களுக்கும் பிரிந்து கொடுத்து, மிச்சம்தான் எங்கள் ஊர். கோடையில் ஆறு மெலிந்து கடல் தண்ணி உள்ளே ஏறும். மாரியில் எல்லாக் கதவும் ஒன்றாகத் திறந்தது போல வரும்.

இது வாப்பாவுக்குத் தெரியாததல்ல. பாலங்கள் வருமுன் பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றி ஆற்றைக் கடத்துகிற மிதவையை எங்கட பக்கம் 'பாதை' என்டுதான் சொல்லுவம். அந்தப் பாதையில் போய் வந்த காலத்திலிருந்தே அவருக்கு ஆற்றின் குணம் தெரியும். இருந்தும் என்னிடம் கேட்கிறார். கடைசியில் இருப்பவருக்கு மேலே நடக்கிறதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

இதைச் சொன்னபோது தோழி, "எங்க வீட்டுல வேற கத" என்றாள். தலவாக்கலை டவுனுக்குப் பக்கத்திலேயே மேல் கொத்மலை அணை. 2012இல் அது இயங்கத் தொடங்கியதிலிருந்து ஆற்றுத் தண்ணி சுரங்கத்துக்குள் போகிறது. "சென்கிளயர் அருவி முந்தி ரோட்டுல நின்னாலே சத்தம் கேக்குமாம். அம்மா சொல்லும். நான் பாத்தது மெலிஞ்ச அருவிதான்." மழை பெய்தால் அவள் அம்மாவுக்கு ஆற்றைப் பற்றிய பயம் இல்லை. லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டைப் பற்றிய பயம்தான்.

கெட்டம்பே பக்கம் போய்ச் சேரும்போது ஆறு மணி ஆகியிருந்தது. ஒரு கடையில் ஆளுக்கொரு பிளேன்டீ. அக்கரைத் தாவரவியல் பூங்கா மரங்களிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் புறப்பட்டு வரத் தொடங்கின. முதலில் பத்து, பிறகு நூறு, பிறகு எண்ண முடியவில்லை. ஆற்றுக்கு மேலே, சத்தமே இல்லாமல், ஒவ்வொன்றும் தன் வழியில். கடைக்கார அக்கா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அவவுக்கு அது ஒவ்வொரு நாளும் வருகிற ஆறரை பஸ் மாதிரி.

வெளிச்சம் போவதற்கு முதல் ஆற்றை ஒரு படம் எடுத்து வாப்பாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது.

"மண் நிறமாக் கிடக்கு மகள். மேல மழை போல."

தோழிக்கும் போட்டுக் காட்டினேன். அவள் பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆமா. நேத்து ராத்திரி எங்க ஊர்ல நல்ல மழ."