டேலி ஆன கணக்கு

பி.காம். படித்தவனிடம் டூர் பணத்தைக் கொடுத்தால் கணக்கு சுத்தமாக இருக்கும். மற்ற விஷயங்களுக்கு நான் ஜவாப்தாரி இல்லை, சார்!

2010. ஃபைனல் இயர் டூர். எங்க ஊர் பள்ளிப்பட்டுக்கு ஆந்திரா கூப்பிடு தூரம். பாதி வீட்டில் தெலுங்குதான். "பேலம் குகைக்குப் போலாம், பாஷைப் பிரச்னையே இல்லை" என்று அளந்துவிட்டேன். விளைவு, நானே பொருளாளர். தலைக்கு 700 ரூபாய், 41 பேர்.

நாற்பத்திரண்டாவதாக ஒருத்தன். எங்க தெருக்காரன். அப்பாவுக்குத் தறி. அந்த மாசம் பாவு வரவில்லை, கூலியும் இல்லை. "நான் வரலைடா" என்றவனை, "சும்மா ஏறுடா" என்று பஸ்ஸில் ஏற்றினேன். லிஸ்டில் மட்டும் பேர் எழுதவில்லை. எழுதினால் 700 இடிக்குமே! அவனும் புரிந்துகொண்டு, சீட் கேட்காமல் இன்ஜின் பானெட் மேலேயே உட்கார்ந்து வந்தான்.

பேலம், அப்போது கர்னூல் மாவட்டம். 2022-லிருந்து நந்தியால். பெரிய மலையை எதிர்பார்த்துப் போனால், சமதரையில் கிணறு மாதிரி ஓட்டை! அதில் படி இறங்கினால் மொத்தம் 3,229 மீட்டர் குகை. நம்மை விடுவது ஒன்றரை கிலோமீட்டர்தான். பல்லாவரத்தில் கற்கால ஆயுதம் கண்டெடுத்தாரே ராபர்ட் புரூஸ் ஃபுட், அவர் 1884-லேயே இதைக் குறித்து வைத்திருக்கிறார். பொதுமக்களுக்குத் திறந்தது 2002-ல்.

குடைந்தது யார் என்கிறீர்கள்? தண்ணீர்! சோடாவில் இருக்கிற அதே கேஸை மண்ணிலிருந்து இழுத்துக்கொண்டு மழைநீர் இறங்கி, சுண்ணாம்புக் கல்லை லட்சக்கணக்கான வருஷமாகக் கரைத்திருக்கிறது. கூரையிலிருந்து கல்விழுதுகள். ஓரிடத்தில் கல்லைத் தட்டினால் ஸ்வரம் வருகிறது. எங்க பசங்க விடுவார்களா, கச்சேரியே வைத்துவிட்டார்கள். பாதாள கங்கையில் ஆழம் 150 அடி. உள்ளே புழுக்கம் என்றால் அப்படியொரு புழுக்கம். மேலிருந்து குழாய் வழியாகக் காற்று அனுப்புகிறார்கள்.

வெளியே வந்ததும் லிஸ்டை எடுத்தேன். 41 பேரும் குரல் கொடுத்தார்கள். "டேலி, சார்!" என்றேன் பெருமையாக. பஸ் கிளம்பியது.

கொஞ்ச தூரத்தில் டீக்கடை. எங்க செட்டுக்கு வழக்கம்போல ஆறு டீ சொன்னேன். ஐந்து கைதான் நீண்டது.

ஆறாவது கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். வயிற்றில் என்னவோ செய்தது.

பஸ்ஸைத் திருப்பினோம். வாசலில் பூட்டுகிற நேரம். ஊழியரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும்... பாஷைப் பிரச்னை இல்லை என்று பீற்றியவனுக்கு ஒரு தெலுங்கு வார்த்தை வரவில்லை. கையால்தான் காட்டினேன். அந்த மனுஷன் புரிந்துகொண்டு டார்ச்சோடு எனக்கு முன்னால் ஓடினார்.

காற்றுக் குழாய்க்குக் கீழே, சட்டையெல்லாம் நனைந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "மூச்சு முட்டிச்சுடா. சரியானதும் வரலாம்னு உக்காந்தேன். எப்படியும் பேர் கூப்பிட்டுப் பாப்பீங்க இல்ல?"

நான் பதில் சொல்லவில்லை. தோளில் கை கொடுத்துத் தூக்கினேன். ஏழெட்டுப் படி ஏறியிருப்போம், நின்றான்.

"லிஸ்ட்ல என் பேர் இருந்துச்சாடா?"