ஸ்பானர் திரும்ப இடம் வேண்டும்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சாலையில் திருவெறும்பூரைத் தாண்டினால் இரும்புப் பட்டறைகள் தொடங்கிவிடுகின்றன. 1960களில் பெல் கொதிகலன் ஆலை வந்த பிறகு அதற்கு வேலை செய்து கொடுப்பதற்காக முளைத்தவை. இன்று தொழிற்கூடங்களுக்கும் பாலங்களுக்கும் தூணும் உத்திரமும் செய்து லாரியில் ஏற்றி அனுப்புகின்றன. உள்ளே கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒன்று புரியும்: அங்கே வெல்டர் நகர்வதில்லை, இரும்புதான் நகர்கிறது. ஒரு மூலையை ஒட்டி முடித்ததும் கிரேன் சங்கிலி உத்திரத்தைத் தூக்கிப் புரட்டுகிறது. அடுத்த மூலையும் பள்ளமாக அவர் கைக்குக் கீழே வந்து நிற்கிறது. உருகிய உலோகம் தானாக இறங்கி உட்காரும் இந்த நிலைக்கு ‘டவுன்ஹேண்ட்’ என்று பெயர். வெல்டிங் ராடு பக்கத்து அடுப்பிலிருந்து சூடாக எடுக்கப்படுகிறது, ஈரம் ஏறிய ராடு உள்ளே ஹைட்ரஜனை விட்டுப் பிற்பாடு விரிசலைக் கொண்டுவரும் என்பதால். எரிந்து முடிந்ததும் சிப்பிங் சுத்தியலால் இரண்டு தட்டு. கசடு நீளப் பட்டையாக உரிந்து வந்தால், கீழே இருக்கும் வரியைப் பார்க்கும் முன்னரே அது நன்றாக விழுந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அதே உத்திரம் தூணோடு சேரும் முனையை, கட்டுமானத் தளத்தில், இருபது மீட்டர் உயரத்தில், ஒரு கை சாரத்தைப் பிடித்திருக்க, தலைக்கு மேலே ராடைப் பிடித்து ஒட்டச் சொல்கிறோம். உருகிய துளி கீழே வழியப் பார்க்கிறது. காற்று, அதைக் காக்கும் புகையைக் கலைக்கிறது. போல்ட்டா வெல்டிங்கா என்ற கேள்வியைக் கல்லூரிகளில் பலக் கணக்காகவே சொல்லித் தருகிறோம். வேலை செய்பவர் எங்கே நிற்பார், அவர் கை எப்படி உள்ளே போகும், பிறகு சோதிக்க வருபவரின் கண் அங்கே எட்டுமா என்பவைதான் அதில் முதலில் வர வேண்டியவை என்பது என் கட்சி. இதைத் தொழிலாளி மீதான பரிவாக மட்டும் சொல்லவில்லை. நம்முடைய விதிநூலே இதை எண்ணால் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஐ.எஸ். 800, 2007ஆம் ஆண்டுப் பதிப்பு, பட்டறையில் போட்ட வெல்டின் பலத்தை 1.25ஆல் வகுக்கச் சொல்கிறது. தளத்தில் போட்டதை 1.50ஆல். சாதாரணக் கட்டுமான எஃகில் 6 மி.மீ. ஃபில்லட் வெல்டை 100 மி.மீ. நீளத்துக்குப் போட்டால் பட்டறைக் கணக்கில் சுமார் 8 டன் தாங்கும். அதே ராடு, அதே நீளம், தளத்தில் என்றால் ஏழு டன்னுக்கும் கீழே. அந்த ஒரு டன் சொச்சத்துக்கு, வேலை நடக்கும் இடம் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

போல்ட்டுக்கு இந்த வேறுபாடு இல்லை. எங்கே பூட்டினாலும் 1.25தான். ஏன் என்பது, தளத்தில் உத்திரங்களை ஏற்றிப் பொருத்தும் எரெக்டர்கள் வேலை செய்வதைப் பார்த்தால் விளங்கும். அவர்கள் கையில் இருக்கும் ஸ்பானரின் ஒரு முனை நட்டைப் பிடிக்கும். மறுமுனை கூம்பாக ஒடுங்கியிருக்கும். கிரேனில் தொங்கி ஆடும் உத்திரத்தின் துளையும் தூணில் இருக்கும் கிளீட்டின் துளையும் ஏறக்குறைய எதிர்ப்படும்போது அந்தக் கூம்பைச் செருகி ஒரு நெம்பு. இரண்டு துளைகளும் ஒன்றாகிவிடுகின்றன. பக்கத்துத் துளையில் போல்ட் இறங்குகிறது. உராய்வால் பிடிக்கும் உயர்வலு போல்ட் என்றால், ஓர் ஆள் தன் முழு பலத்தையும் கொடுத்து இறுக்கிய பிறகு நட்டிலும் தகட்டிலும் சாக்பீஸால் ஒரே கோடு இழுத்து, போல்ட்டின் நீளத்துக்கு ஏற்ப, பெரும்பாலும் அரைச் சுற்று, மேலும் திருப்புகிறார்கள். 20 மி.மீ. போல்ட் அப்போது சுமார் 14 டன் இழுவிசையோடு தகடுகளை நெரித்துப் பிடிக்கிறது. திருப்பியாயிற்றா இல்லையா என்பதைக் கீழிருந்தே அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். வெல்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அல்ட்ராசானிக் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் வேண்டும்.

வரைபவர் கையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் நகரில் நடந்ததைவிடக் கொடிய சாட்சி எனக்குத் தெரியாது. ஹயாத் ரீஜன்சி ஓட்டல் கூடத்தில் நான்காம் மாடி நடைபாதையும் அதன் நேர் கீழே இரண்டாம் மாடி நடைபாதையும் கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கின. முதல் வரைபடத்தில் இரண்டையும் ஒரே நீளக் கம்பி தாங்கியது. மேல் நடைபாதை அந்தக் கம்பியின் நடுவே ஒரு நட்டின் மேல் உட்காரும். நடுவில் நட்டு வர வேண்டுமென்றால் கம்பியின் கீழ் முனையிலிருந்து ஒரு மாடிக்கு மேற்பட்ட நீளத்துக்கு மரை வெட்ட வேண்டும். அந்த மரை நசுங்காமல் கம்பியை ஏற்ற வேண்டும். செய்ய முடியாது என்று தெரிந்த பட்டறை, கம்பியை இரண்டாகப் பிரித்துவிட்டது. பொறியாளர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். கீழ் நடைபாதை இப்போது மேல் நடைபாதையின் உத்திரத்திலிருந்து தொங்கியது. மேல் நட்டின் மீது பாரம் இரட்டிப்பானது. அந்த உத்திரமோ இரண்டு சேனல்களை வாயோடு வாய் வைத்து ஒட்டிய பெட்டி. துளை வெல்டின் மேலேயே போயிற்று. நட்டு அதைப் பிளந்துகொண்டு வந்தது. 114 பேர் இறந்தார்கள். இணைப்பு நுணுக்கங்களைப் பட்டறையிடம் விட்டுவிடலாம், அவர்களுக்குத்தானே தங்கள் கருவிகள் தெரியும் என்று சொல்பவர்களுக்கு என் பதிலும் இதுதான். பட்டறைக்குக் கருவி தெரியும். விசை எந்த வழியாக இறங்குகிறது என்பது வரைந்தவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். செய்யக்கூடியதாக அவர் முதலிலேயே வரைந்திருந்தால் மாற்றத்துக்கே இடம் வந்திருக்காது.

‘தேர்ந்த வெல்டர் எந்த நிலையிலும் ஒட்டுவார், அதற்குத்தானே தேர்வு வைக்கிறோம்’ என்பது அடுத்த வாதம். திருச்சியிலேயே 1975 முதல் வெல்டிங் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. தலைக்கு மேல் ஒட்டும் தேர்வில் தேறியவர்களுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. அவர்கள் திறமையில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் தேர்வுத் தகட்டின் முன்னால் எதுவும் மறிப்பதில்லை. 1994 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட எஃகுக் கட்டடங்களில் உத்திரமும் தூணும் சேரும் வெல்டுகள் விரிசல் விட்டன. பெரும்பாலும் உத்திரத்தின் கீழ்ப் பட்டையில். அங்கே ஒட்டுகிறவருக்கு உத்திரத்தின் நடுத்தகடு குறுக்கே நிற்கும். அதில் வெட்டிய சிறு துளை வழியாகப் பாதி ஒட்டி, நிறுத்தி, மறுபக்கம் போய் மீதியைத் தொடர வேண்டும். நிறுத்தித் தொடங்கும் அந்த இடம் பட்டையின் நட்டநடுவில் விழுகிறது. சோதனைக் கருவிக்கும் அங்கேதான் பார்வை மறைகிறது. விரிசல் தாங்கும் திறன் குறைந்த வெல்டிங் உலோகமும், எடுக்காமல் விட்ட அடித்தகடுகளும், மூட்டில் குவிந்த விசையும் காரணங்களில் சேரும். எந்தத் தேர்வில் தேறியவரானாலும் அந்த மூட்டில் நடுவில் நிறுத்தாமல் ஒட்டியிருக்க முடியாது.

போல்ட் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. 100 மி.மீ. அகலத் தகட்டில் 20 மி.மீ. போல்ட்டுக்காக 22 மி.மீ. துளை போட்டால் அகலத்தில் 22 விழுக்காடு போய்விடுகிறது. எஃகு கூடும், செலவும் கூடும். தளத்தில் துளை ஒத்துவராதபோது கேஸ் கட்டரை எடுத்து ஓட்டையைப் பெரிதாக்கும் பழக்கம் வெல்டிங் குறைகளுக்கு எந்த விதத்திலும் இளைத்ததல்ல. துளை அங்கே ஒத்துவராமல் போவதும் பெரும்பாலும் காகிதத்தில் தொடங்கிய தவறுதான்: அடித்தள போல்ட்டுகள் சில மில்லிமீட்டர் நகரும் என்று யாரும் இடம் விட்டிருக்க மாட்டார்கள். கடற்கரை விஷயம் வேறு. போல்ட் இணைப்பில் ஒன்றின் மேல் ஒன்று படியும் தகடுகளுக்கு நடுவே உப்புநீர் தங்கிவிட்டால் பெயிண்ட் பிரஷ் அங்கே ஒருபோதும் போகாது. 1914இன் பாம்பன் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் முழுக்க வெல்டிங் இணைப்புகள் என்று ரயில்வே அறிவித்ததன் நியாயம் எனக்குப் புரிகிறது. அங்கும் என் அளவுகோல் மாறவில்லை. பிரஷ் பிடித்து வரப்போகிறவரின் கையும் ஒரு கைதான்.

பட்டறையில் வெல்டிங், தளத்தில் போல்ட் என்ற பொதுவழக்கு சரி. ஆனால் அதையே வாய்ப்பாடாக வைத்துக்கொண்டு, தூணின் இரு பட்டைகளுக்கு நடுவே ஸ்பானர் அரை விரற்கடை கூடத் திரும்ப முடியாத இடத்தில் நட்டை வரைந்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல வரைபடங்களில் வேறொன்றைப் பார்க்கலாம். உத்திரம் சேரும் இடத்துக்குக் கீழே, தூணில், ஒரு சாண் நீள ஆங்கிள் துண்டு, பட்டறையிலேயே ஒட்டப்பட்டிருக்கும். இறுதிக் கணக்கில் அதற்குச் சுமை கிடையாது. கிரேன் கயிறு தளர்ந்து, எரெக்டர் முதல் இரண்டு போல்ட்டுகளைச் செருகி முடிக்கும்வரை உத்திரம் அதன்மேல் உட்கார்ந்திருக்கும்.