முந்திரிகைப் பந்தலும் ஒரு ஸ்பானிய வைனும்

சென்ற ஆவணியில் இலண்டனிலிருந்து வந்த எமது மருமகன் ஒரு போத்தலை மேசைமேல் வைத்தான். ஸ்பெயினின் வடபாகத்தில், எப்ரோ ஆற்றை ஒட்டிய ரியோஹாப் பிரதேசத்துச் சிவப்பு வைன் அது. “மாமா, ஒருக்காச் சுவைச்சுப் பாருங்கோ. பிறகு காணி விஷயம் கதைப்பம்” என்றான்.

காணி விஷயம் என்பது, தமக்கையாருக்கும் எமக்கும் பொதுவாகக் காங்கேசன்துறையில் உள்ள எட்டுப் பரப்பை விற்பது. 1990ஆம் ஆண்டில் உடுத்த உடையோடு விட்டுப் புறப்பட்ட நிலம். நெடுங்காலம் கழித்து அது கைக்கு வந்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை. கிணறு மாத்திரம் எஞ்சியிருந்தது.

குடிவகைக்கு எமது வீட்டில் இடமில்லை. ஆயினும் முந்திரிகையை நாம் அறிவோம். பிறர் திராட்சை என்பதையே யாழ்ப்பாணத்துப் பழைய மனிதர் முந்திரிகை என்பர். அக்கிணற்றடியில் ஐயா போட்ட பந்தல் ஒன்று இருந்தது. குளிர்நாட்டுக் கொடி மாரியில் இலையுதிர்த்து உறங்கும். எமது வெயிலில் அதற்கு உறக்கமே இல்லை. ஆதலால் மனிதனே கத்தியெடுத்துக் கவ்வாத்துச் செய்து, பின்பு எருவும் நீரும் இட்டு, அதைப் பூக்கும்படி தூண்ட வேண்டும். வெட்டிய தண்டுகளை ஐயா வேலிக்கு அப்பால் எறிந்துவிடுவார்.

ரியோஹா மக்கள் அவற்றை எறிவதில்லை என்று மருமகன் சொன்னான். உலர்ந்த கொடித்தண்டின் தணலிலே ஆட்டுக்குட்டியின் விலாவிறைச்சியை வாட்டி, இந்த வைனோடு உண்பார்களாம். அதற்குக் காரணம் உண்டு. தெம்ப்ரானில்யோ என்னும் கரும்பழத்தின் தோலிலும் விதையிலும் துவர்ப்பு மிகுதி. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அத்துவர்ப்பைத் தணிக்கின்றன. நாமோ அன்றிரவு பாரைமீன் குழம்போடு அருந்தத் துணிந்தோம்! எமது மிளகாய்த்தூளின் உறைப்பும் அவர்களது துவர்ப்பும் ஒன்றையொன்று மூட்டிவிட, மருமகன் கண்ணீர் விட்டான். தமக்கையார் சிரித்த சிரிப்பு அயல் வீடுவரை கேட்டிருக்கும்.

உறைப்பு அடங்கியபின் மீண்டும் ஒரு மிடறு எடுத்தோம். முதலிற் செம்பழ வாசனை. அடுத்து ஓக் மரப்பீப்பாய் தந்த வனிலா மணம். இறுதியில் பாக்கை மென்றாற்போல நாவை இழுக்கும் துவர்ப்பு. அப்பீப்பாய்கள் 225 லீற்றர் கொள்வன. ‘கிரான் ரெசெர்வா’ என்னும் உயர்ந்த வகை, பீப்பாயில் இரண்டு ஆண்டுகளாவது கிடந்து, மொத்தம் ஐந்து ஆண்டுகள் முதிர்ந்த பின்னரே விற்பனைக்கு வரும். எமது பனங்கள்ளோ இறக்கிய மறுநாளே புளித்துவிடுகிறது.

இம்மண்ணில் வைன் பிறந்ததே இல்லையா எனின், உண்டு. வசாவிளானை அடுத்த தோலகட்டியில், தோமஸ் அடிகளார் 1928இல் நிறுவிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்துத் துறவிகள் நெல்லிரசமும் முந்திரிகை வைனும் செய்தவர்களே. மௌனத்திலும் செபத்திலும் வாழ்ந்த அத்துறவிகளின் நெல்லிரசத்தை, மதுவைத் தொடாத சைவ வீடுகளும் விரும்பி வாங்கின.

ரியோஹாவின் ஒரு பகுதியில் நிலம் சுண்ணாம்பு கலந்த களிமண் என்று அறிந்தபோது எமக்கு ஒருவகை ஏக்கம் உண்டாயிற்று. காங்கேசன்துறையின் அடியிலும் சுண்ணக்கல்லே. அவர்கள் அதன்மேற் கொடி வளர்த்தார்கள். இங்கு 1950இல் தொடங்கிய ஆலை அதைத் தோண்டிச் சீமெந்தாக்கியது. எனினும் கல் ஒன்றினால் மாத்திரம் வைன் சிறவாது. அங்கே இரவின் குளிர் பழத்தின் புளிப்பைக் காக்கிறது. எமது இரவுகள் அவ்வுதவியைச் செய்வதில்லை. ஆகவே ரியோஹாவைக் காங்கேசன்துறையிற் படைக்க நாம் கனவு காணவில்லை. தின்னும் பழம் போதும்.

“பந்தலுக்கு எத்தனை பரப்பு வேணும், மாமா?” என்று மருமகன் மெதுவாகக் கேட்டான்.

“இரண்டு.”

மறுநாட் காலையில் மூவரும் காணிக்குச் சென்றோம். அவன் கயிறு பிடித்து அளந்தான். நாம் கிணற்றில் வாளியை விட்டு, ஒரு கை நீர் அள்ளி வாயில் ஊற்றினோம். உவர்க்கவில்லை.