கூண்டுக்குள்ளே அஞ்சு மணி

மணிக்கூண்டுன்னு சொன்னதும் அண்ணாந்து பார்க்கத்தான் தோணும், இல்லீங்களா? இங்கிலாந்தில் ஸஃபோக் பக்கம் ஈஸ்ட் பெர்கோல்ட்னு ஒரு கிராமம். ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1776-இல் பிறந்த ஊர். அங்கே புனித மரியாள் தேவாலயத்து மணிகள் கோபுரத்தில் இல்லை. கல்லறைத் தோட்டத்தில், தரையோடு தரையா, ஒரு மரக்கூண்டுக்குள்ளே இருக்கு. பேருக்கு இல்லைங்க, நெசமாவே கூண்டு!

கதை இதுதான். 1525-இல் கோபுரம் கட்ட ஆரம்பிச்சாங்க. பக்கத்து இப்ஸ்விச்காரரான கார்டினல் வுல்சி பண உதவி செய்யறதா இருந்தாராம் (இது ஊரில் வழங்கற கதை). எட்டாம் ஹென்றியோட கல்யாணத்தை ரத்து பண்ணி வாங்கித்தர முடியாததால் 1529-இல் அவருக்குப் பதவி போச்சு. அடுத்த வருஷம் ஆளும் போயிட்டார். கோபுரம் பாதியில் நின்னது. மணிகளை எங்கே வைக்கிறது? கோபுரம் முடியற வரைக்கும் இருக்கட்டும்னு 1531-இல் தற்காலிகமா ஒரு கூண்டு போட்டாங்க. கோபுரம் இன்னும் முடியலை :-)

வழக்கமா இங்கிலாந்து தேவாலயங்களில் மணிக்குப் பெரிய சக்கரமும் கயிறும் உண்டு. அடிக்கிறவங்க கீழே ஒரு அறையில் நின்னு கயிறை இழுப்பாங்க. வெளியே இருக்கறவங்களுக்குச் சத்தம் மட்டும்தான், ஆள் தெரியாது. பெர்கோல்ட்ல சக்கரமும் இல்லை, கயிறும் இல்லை. மணிகள் வாய் மேல்நோக்கி இருக்கும். மணியோடு பிணைச்ச மரக்கட்டையைக் கையால் தள்ளணும். மணி சுழன்று கீழே வந்து மறுபடி மேலே ஏறும்போது பிடிச்சு நிறுத்தி, திரும்பத் தள்ளணும். அஞ்சு மணியும் சேர்த்து நாலு டன்னுக்கு மேல. பெரியது மட்டுமே ஒரு டன்னைத் தாண்டும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால், கூண்டுக்கு வெளியே நின்னு பார்த்தேன். சத்தம் காதில் கேட்கிறதுக்கு முன்னாடி நெஞ்சில் இடிக்குது. ஆனா எனக்குச் சத்தத்தைவிட அந்த ஆட்கள்தான் மனசுல நின்னாங்க. சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து, முறை தப்பாம தள்ளறாங்க. பாதிப் பேருக்குத் தலை நரைச்சிருக்கு. முடிச்சதும் துடைச்சுக்கிட்டு ஆராதனைக்குப் போயிட்டாங்க.

எங்க ஊர்க் கோயிலில் சின்ன வயசில் மணிக்கயிறை இழுக்கப் பசங்க நாங்க சண்டை போடுவோம். இப்ப சுவரோரம் ஒரு மோட்டார் இருக்கு. சுவிட்சைப் போட்டா முரசு, மணி, தாளம் எல்லாம் ஒண்ணா அலறும். கேட்டா, "ஆள் எங்கேப்பா இருக்கு?"ங்கறாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியலை. நானே ஊரை விட்டு வந்தவன்தானே.

அந்த ஆள் பிரச்னை இங்கேயும் இருக்கு. போர்க்காலத்தில், 1940-இல், எதிரி வந்திறங்கினா மட்டும்தான் தேவாலய மணி அடிக்கணும்னு உத்தரவு. 1943 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. 2020-இல் கொரோனா வந்து மறுபடி நாடு முழுக்க மௌனம். 2023-இல் சார்லஸ் முடிசூட்டு விழாவுக்கு, மணி அடிக்கப் புது ஆட்கள் வேணும்னு தனி இயக்கமே நடத்தினாங்க. மணி கெடாது, வெண்கலம் நானூறு ஐநூறு வருஷம் தாங்கும். கத்துக்க அடுத்த ஆள் வரணும், அவ்வளவுதான். பெர்கோல்ட்ல மரக்கட்டையைத் தள்ள அஞ்சு பேர் வரலைன்னா, அந்தக் கூண்டு வெறும் காட்சிப்பொருள்.

ஆளே தெரியாத கோபுரத்தைவிட, ஆளைக் காட்டுற இந்தத் தற்காலிகக் கூண்டு எனக்குப் பிடிச்சுப்போச்சு. ஒரு பத்து வயசுப் பையன் கம்பி இடுக்கில் முகத்தை வச்சு, கண்ணைச் சிமிட்டாம பார்த்துக்கிட்டிருந்தான். அவன் வருவான்னு நினைக்கிறேன்.

உங்க ஊர்க் கோயில்லயோ தேவாலயத்துலயோ மணியை இப்ப யாருங்க அடிக்கறாங்க? கையா, மோட்டாரா? வந்து சொல்லிட்டுப் போங்க.